நாடு தேர்ந்த பாட்டு

தமிழ்நாட்டில் எந்தப் பள்ளியின் விழாவுக்குச் சென்றாலும் இரண்டு பாடல்கள் நம் காதில் விழும். தமிழ்த்தாய் வாழ்த்துடன் விழா தொடங்கும், நாட்டுப்பண்ணுடன் நிறைவுறும். சேலையூரில் நான் வாழும் தெருவிலும் காலையில் பள்ளி மணி அடித்ததும் சிறுவர் குரலில் பாட்டு எழும். அருகே தாம்பரம் விமானப்படை நிலையத்தில் அணிவகுப்பு நடைபெறும் நாள்களில் பாண்டு வாத்தியம் அதே நாட்டுப்பண்ணைச் சொல்லின்றி இசையாகவே முழக்கும். சிறுவர் பாடுவது சொல்லும் இசையும் கூடிய பாட்டு. வீரர் நிமிர்ந்து நின்று கேட்பது இசை மட்டும். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நான் சொல்லப்போகும் வரலாற்றின் திறவுகோல் அதில் இருக்கிறது.

இந்தப் பாடலைத் தேர்ந்தெடுத்தவர் யார்? வகுப்பில் இவ்வினாவைக் கேட்ட போதெல்லாம், "இரவீந்திரநாத் தாகூர்" என்று பல குரல்கள் ஒருங்கே எழுந்ததுண்டு. இயற்றியவர் யார் என்னும் வினாவுக்கு உரிய விடை அது. ஒரு பாட்டுப் பிறப்பது வேறு. அது ஒரு நாட்டின் பாட்டு ஆவது வேறு. பலநூறு பாடல்கள் இருக்க, ஒன்றை மட்டும் எடுத்து, "உலக நாடுகளின் நடுவே எங்களைக் குறிப்பது இது" என்று சொல்லும் பொறுப்பை யார் ஏற்பது? எந்த அளவுகோல் கொண்டு ஏற்பது?

ஐரோப்பாவில் இவ்வினா ஆண்டுதோறும் எழுகிறது. 1956ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில், ஐரோப்பிய ஒலிபரப்புச் சங்கம் ஒரு பாட்டுப் போட்டியைத் தொடங்கியது. ஏழு நாடுகள், நாட்டுக்கு இரண்டு பாடல்களாகப் பங்குகொண்டன. பின்னர் நாட்டுக்கு ஒரு பாடல் என்பது விதியாயிற்று. எந்தப் பாடலை அனுப்புவது என்பதை ஒவ்வொரு நாட்டு ஒலிபரப்பு நிலையமும் தன் வழியில் முடிவு செய்கிறது. சில நாடுகளில் நிலையத்தாரே அறைக்குள் அமர்ந்து தேர்ந்துவிடுவர்; சில நாடுகளில் இசை வல்லுநர் குழு தேரும்; சில நாடுகளில் பொதுமக்கள் வாக்களிப்பர். சுவீடனில் இத்தேர்வே பல வாரம் நடக்கும் திருவிழாவாக இருக்கிறது. ஆயினும் அடுத்த ஆண்டு வேறொரு பாடலை அனுப்பலாம். தவறு நேர்ந்தால் திருத்திக்கொள்ளலாம். நாட்டுப்பண் அத்தகையது அன்று. அதனைத் தேர்வது தலைமுறை தலைமுறைக்கும் ஒரே பாடலைத் தேர்வதாகும்.

நம் நாடு அத்தேர்வை எவ்வாறு நடத்திற்று என்று காண்போம்.

1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள் நள்ளிரவில் அரசியல் நிர்ணய சபை டில்லியில் கூடியது. அக்கூட்டம் வந்தே மாதரப் பாடலுடன் தொடங்கியது; பாடியவர் சுசேதா கிருபளானி. கூட்டத்தின் முடிவில் கவிஞர் இக்பாலின் "ஸாரே ஜஹான் ஸே அச்சா" என்னும் பாடலின் தொடக்க வரிகளும், ஜன கண மனவின் முதற் பகுதியும் பாடப்பெற்றன. விடுதலை பெற்ற அந்த இரவில் நாட்டுக்குக் கொடி இருந்தது. ஒரே பாட்டு என்று ஒன்று இல்லை. ஒன்றுக்கு மூன்றாக இருந்தன.

மூன்றனுள் மக்கள் உள்ளத்தில் முதலிடம் பெற்றிருந்தது வந்தே மாதரம். பங்கிம் சந்திரர் இயற்றி, 1882இல் வெளிவந்த தம் 'ஆனந்த மடம்' நாவலில் சேர்த்த பாடல் அது. 1896இல் கல்கத்தாக் காங்கிரஸில் அதனைப் பாடியவர் தாகூரே. வங்கப் பிரிவினையை எதிர்த்து 1905இல் கிளர்ச்சி எழுந்தபின், அதன் முதற் சொற்களே நாடெங்கும் போர்முழக்கமாயின. தமிழ்நாட்டில் பாரதியார் அதனைத் தமிழாக்கினார். அச்சொற்களை முழங்கியதற்காக அடிபட்டோரும் சிறை புகுந்தோரும் பலர். ஆனால், பாடலின் பிற்பகுதி நாட்டைத் துர்க்கையாக உருவகித்துப் போற்றியது. உருவ வழிபாட்டை ஏற்காத முஸ்லிம் மக்கள் அதனைப் பாடத் தயங்கினர். 1937இல் காங்கிரஸ் காரியக் கமிட்டி இதனை ஆராய்ந்து, பொதுக்கூட்டங்களில் முதல் இரண்டு பகுதிகளை மட்டும் பாடலாம் என்று முடிவு செய்தது. பாடலைத் தம் குரலால் நாடறியச் செய்த தாகூர், அம்முடிவுக்குச் சார்பாகவே கருத்துரைத்தார்.

ஜன கண மனவின் வரலாறு இதனினும் அமைதியானது. 1911ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள், கல்கத்தாக் காங்கிரஸின் இரண்டாம் நாள் கூட்டத்தில் அது முதன்முதல் பாடப்பெற்றது. ஐந்து பகுதிகளைக் கொண்ட அப்பாடலின் முதற்பகுதியே இன்று நாம் பாடுவது. அதே மாதத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இந்தியா வந்திருந்தமையால், பாட்டு அவரைப் போற்றியது என்று சில ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதின. அப்பிழையான செய்தி இன்றளவும் உலவுகிறது. தாம் பாடியது மக்களின் விதியை யுகயுகமாகச் செலுத்திவரும் இறைவனையே என்றும், எந்த ஜார்ஜும் அந்நிலைக்கு உரியர் ஆகார் என்றும் தாகூரே 1937இல் ஒரு கடிதத்தில் விளக்கியிருக்கிறார்.

இப்பாடலுக்கும் தென்னாட்டுக்கும் உள்ள உறவைப் பலர் அறியார். 1919ஆம் ஆண்டு பிப்ரவரியில், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளிக்குத் தாகூர் வந்தார். அங்கே பிரம்மஞான சபையாரின் கல்லூரியில், முதல்வர் ஜேம்ஸ் கசின்ஸின் விருந்தினராகத் தங்கினார். ஓர் இரவு மாணவரிடையே அமர்ந்து இப்பாடலைத் தாமே பாடிக்காட்டினார். முதல்வரின் துணைவியார் மார்கரெட் கசின்ஸ் அயர்லாந்தில் மேனாட்டு இசை பயின்றவர். கவிஞர் பாட, அவர் அம்மெட்டை மேனாட்டு முறையில் ஸ்வரக் குறிப்பாக எழுதினார். கவிஞர் அங்கிருந்தபோதே பாடலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தும் தந்தார். வங்கத்தில் பிறந்த பாட்டு, தென்னாட்டுக் கல்லூரி ஒன்றில், எந்நாட்டு வாத்தியக்காரரும் வாசிக்கத்தக்க எழுத்து வடிவம் பெற்றது.

அப்பால் அது கடலும் கடந்தது. 1942இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், சுபாஷ் சந்திர போஸ் பங்குகொண்ட விழாவொன்றில் வாத்தியக் குழுவினர் அதனை இந்தியாவின் பண்ணாக இசைத்தனர். அடுத்த ஆண்டு, கிழக்காசியாவில் அமைந்த சுதந்திர இந்திய அரசாங்கம் அப்பாடலைத் தழுவி இந்துஸ்தானியில் ஒரு பாடலை ஆக்கிக்கொண்டது. இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த மலாயாத் தமிழ்த் தொழிலாளர் பலர், வங்கமும் இந்துஸ்தானியும் அறியாதவராயினும், அந்த இசைக்கு அடிவைத்து நடந்தனர்.

இனி, தேர்வு நிகழ்ந்த முறையைப் பார்ப்போம். விடுதலைக்குப் பின் பிரிட்டிஷ் மன்னருக்குரிய வாழ்த்துப் பாடலை இந்தியப் படைகள் இசைத்தல் பொருந்தாது. அயல்நாட்டுத் தூதரகங்களோ, "உங்கள் பண் எது?" என்று கேட்டுக்கொண்டிருந்தன. 1947இல் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை நியூயார்க்கில் கூடியபோது இவ்வினா முற்றியது. ஒரு நிகழ்ச்சியில் இசைப்பதற்காக இந்தியாவின் பண்ணைத் தருமாறு நம் தூதுக்குழுவினரைக் கேட்டனர். அவர்களிடம் இருந்தது ஜன கண மனவின் இசைத்தட்டு ஒன்று. அதனைக் கொடுத்தனர். வாத்தியக் குழுவினர் கேட்டுப் பயின்று, பெரிய அவையின் முன் வாசித்தனர். அவையினர் பெரிதும் பாராட்டினர்; பல நாட்டுப் பிரதிநிதிகள் ஸ்வரக் குறிப்பைக் கேட்டு வாங்க முற்பட்டனர். அவ்வாசிப்பு ஒலிப்பதிவு செய்யப்பெற்று இந்தியாவுக்கு வந்தது. பிறகு நம் படைகளின் பாண்டு வாத்தியங்களும் அயல்நாட்டுத் தூதரகங்களும் அதனையே கையாளலாயின. பல குழுவினர் சிறுசிறு வேறுபாடுகளுடன் வாசித்த வடிவங்களை அகில இந்திய வானொலி திரட்டி வைத்தது. வாக்குச்சீட்டு இல்லை, போட்டி மேடை இல்லை. கைவசம் இருந்த ஓர் இசைத்தட்டு முதல் வாய்ப்பைத் தந்தது. வரலாற்றில் தற்செயலுக்கும் ஓர் இடம் உண்டு.

ஆயினும், தற்செயலையே முடிவாக்கிவிட்டனர் என்று கூறுதல் முறையன்று. பிரதமர் நேரு மாகாண கவர்னர்கள் அனைவருக்கும் எழுதி, அவரவர் மாகாண முதன்மந்திரியைக் கலந்து கருத்துத் தெரிவிக்குமாறு கேட்டார். இறுதி முடிவு அரசியல் நிர்ணய சபைக்கே உரியது என்பதையும் தெளிவுபடுத்தினார். மத்திய மாகாண கவர்னர் ஒருவர் நீங்கலாக ஏனையோர் ஜன கண மனவுக்கு இசைந்தனர். அதன்மேல் மந்திரிசபை, தற்காலிகமாக அதன் இசையைக் கையாளலாம் என்று முடிவு செய்தது. பின்னர் மேற்கு வங்கத்தின் புதிய முதன்மந்திரி, தாமும் தம் அரசாங்கமும் வந்தே மாதரத்தையே விரும்புவதாகத் தெரிவித்தார். இரு பாடல்களும் வங்கத்தில் பிறந்தவை. அவற்றுள் தாகூரின் பாட்டை வங்க அரசாங்கமே விரும்பவில்லை என்பது கருதத்தக்கது.

1948ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், நேரு இச்செய்திகளையெல்லாம் அரசியல் நிர்ணய சபையில் எடுத்துரைத்தார். அவர் கூறிய காரணங்களின் சாரம் இது: வந்தே மாதரம் விடுதலைப் போரோடு பின்னிப் பிணைந்த முதன்மையான தேசப் பாடல், அவ்விடத்தை வேறெப்பாடலும் பறிக்க இயலாது. ஆனால், நாட்டுப்பண் என்பது உள்நாட்டில் மட்டுமன்றி வெளிநாட்டிலும் பயன்படுவது. ஆதலின் அதில் சொல்லைவிட இசையே முதன்மையானது. பாண்டு வாத்தியத்துக்கும் அயல்நாட்டு வாத்தியக் குழுவுக்கும் ஏற்ற ஓட்டமும் உயிர்ப்பும் அவ்விசைக்கு வேண்டும். அவை ஜன கண மனவின் இசையில் உள்ளன.

இக்கருத்தை எல்லோரும் வாளா ஒப்புக்கொள்ளவில்லை. வந்தே மாதரத்துக்கு ஓட்டம் போதாது என்ற குறையைப் போக்க, மராத்திய இசைவாணர் மாஸ்டர் கிருஷ்ணராவ் பாண்டு வாத்தியத்துக்கு ஏற்ற மெட்டொன்றை அமைத்து, தலைநகர் சென்று இசைத்துக் காட்டி வாதாடினார். எந்தப் பாடலைப் பாடித் தம் இளமையைச் சிறையில் கழித்தார்களோ, அந்தப் பாடலுக்கு முதலிடம் இல்லை என்று கேட்டவர்களின் மனநிலையை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். பாண்டு வாத்தியத்துக்கு எளிதா என்பது அவர்களுக்கு ஓர் அளவுகோலாகவே தோன்றியிராது.

முடிவு, 1950ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள் வந்தது. குடியரசு மலர இரண்டு நாள்களே இருந்தன. அரசியல் நிர்ணய சபையின் தலைவர் இராஜேந்திர பிரசாத் ஓர் அறிவிப்பைச் செய்தார். தீர்மானம் கொண்டுவந்து முடிவு செய்வதாக முன்பு எண்ணியிருந்ததையும், அதற்கு மாறாக அறிக்கையாகவே தெரிவிப்பது நலம் என்று கருதப்பட்டதையும் அவர் குறிப்பிட்டார். ஜன கண மன நாட்டுப்பண். தேவை நேர்ந்தால் அரசாங்கம் அதன் சொற்களில் மாற்றம் செய்யலாம். விடுதலைப் போரில் வரலாற்றுப் பங்கேற்ற வந்தே மாதரம் அதற்கு நிகரான மதிப்பும் நிலையும் பெறும். அவையினர் கைதட்டி வரவேற்றனர். அன்றைய கூட்டத்தின் முடிவில் இரு பாடல்களும் பாடப்பெற்றன.

மாணவர்கள் இங்கே ஒரு கேள்வியை எழுப்பலாம், எழுப்பவும் வேண்டும். அரசியல் சட்டத்தின் ஒவ்வொரு விதியையும் சொல் சொல்லாக விவாதித்த சபை, நாட்டுப்பண்ணை மட்டும் விவாதமும் வாக்கெடுப்பும் இன்றி ஏற்றது சரியா? வாக்கெடுத்திருந்தால் இன்ன பாடல் வென்றது, இன்ன பாடல் தோற்றது என்று எண்ணிக்கையுடன் பதிவாகியிருக்கும். தோற்ற தரப்பின் எண்ணிக்கை ஆறாத வடுவாக நின்றிருக்கும். எனவே, வாக்கெடாமை நன்மையே என்பது ஒரு கட்சி. மக்கள் பிரதிநிதிகள் தங்கள் கருத்தை அவையேறிச் சொல்ல வாய்ப்பில்லாமற் போனமையால், அந்த வழக்கு முழுவதும் தீராமல் நின்றது என்பது மற்றொரு கட்சி. இரண்டிலும் உண்மை உண்டு. என் கருத்தில், அம்முடிவைத் தாங்கி நிற்பது அதன் பிற்பகுதியே. ஒன்றை உயர்த்திய அதே மூச்சில் மற்றொன்றைத் தாழ்த்தாமல் விட்டார்கள்.

இதன் அருமையை உணர அண்டை நாட்டின் அனுபவம் துணைசெய்யும். இலங்கை 1948இல் விடுதலை பெற்றபோது, நாட்டுப்பண்ணுக்காகக் காந்தர்வ சபையார் ஒரு போட்டியையே நடத்தினர். பரிசு பெற்ற பாடலை ஆக்கியோர் தேர்வுக் குழுவிலும் அங்கம் பெற்றிருந்தனர். அதனால் மனக்கசப்பு மூண்டது. பிப்ரவரி 4ஆம் நாள் காலையில் அப்பாடல் வானொலியில் ஒலித்தது. அரசாங்கத்தின் விடுதலை விழாவில் ஒலிக்கவில்லை. பின்னர் 1951ஆம் ஆண்டு நவம்பரில், ஆனந்த சமரக்கோன் முன்னரே இயற்றியிருந்த 'நமோ நமோ மாதா' என்னும் பாடலை அரசாங்கம் ஏற்றது. சமரக்கோன் சாந்திநிகேதனத்தில் தாகூரின் நிழலில் பயின்றவர். சிங்களத்தில் அமைந்த அப்பாடலைப் புலவர் மு. நல்லதம்பி தமிழில் ஆக்கித் தந்தார். மெட்டு ஒன்றே, மொழி இரண்டு.

கதை அத்துடன் முடியவில்லை. நாட்டின் தலைவர் இருவர் அடுத்தடுத்து மறைந்ததற்குப் பாட்டின் தொடக்கச் சொற்கள் மங்கலமற்றிருப்பதே காரணம் என்று சிலர் பேசத் தலைப்பட்டனர். 1961இல் அரசாங்கம், சமரக்கோனின் எதிர்ப்பையும் பொருட்படுத்தாமல், அத்தொடக்கத்தை மாற்றிற்று. தம் பாட்டின் தலையையே வெட்டியதாக அவர் மனம் உடைந்தார். அடுத்த ஆண்டே மறைந்தார். தமிழ் வடிவமும் அரசு விழாக்களில் பல்லாண்டு ஒலிக்காதிருந்து, 2016ஆம் ஆண்டு விடுதலை விழாவில் மீண்டும் பாடப்பெற்றது. அந்நாளில் அதனைக் கேட்டுக் கண்கலங்கிய தமிழர் உண்டு. ஒரு பாட்டில் தன் மொழி இடம்பெறுவதும் பெறாமையும் ஒரு மனிதனுக்கு எவ்வளவு பெரிய செய்தி என்பதை இதனால் அறியலாம்.

நம் மாநிலத்திலும் தேர்வு நிகழ்ந்திருக்கிறது. பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' நாடகத்தின் பாயிரத்தில் உள்ள வாழ்த்துப் பாடலைத் தமிழ்நாடு அரசு 1970இல் விழாக்களின் தொடக்கப் பாடலாக ஏற்றது. மெல்லிசை மன்னர் எம். எஸ். விசுவநாதன் மோகன ராகத்தில் இசையமைத்தார். 2021ஆம் ஆண்டு டிசம்பரில் அது மாநிலப் பாடலாக அறிவிக்கப்பெற்றது. பாடுவதற்கு 55 விநாடி என்று அளவும் வகுக்கப்பெற்றது. ஆனால், பேராசிரியர் எழுதிய பாடல் முழுவதும் அதில் இல்லை. பிற திராவிட மொழிகள் தமிழினின்று பிறந்தன என்றும், வடமொழி உலக வழக்கு ஒழிந்தது என்றும் வரும் பகுதிகள் விடப்பட்டன. தமிழைப் போற்றும்போது அண்டை மொழியாரின் மனம் நோகாதிருக்கட்டும் என்ற கருத்தே அதில் தெரிகிறது.

இம்மூன்றையும் ஒப்பிட்டு நோக்கினால் ஓர் ஒற்றுமை புலப்படும். வந்தே மாதரத்தில் 1937இல் தேர்ந்தவை இரண்டு பகுதிகள். ஜன கண மனவில் ஐந்தில் ஒன்று. மனோன்மணீயப் பாடலில் சில வரிகள் நீங்கியவை. நாடு தேர்ந்த பாட்டு எதுவும் கவிஞன் எழுதிய முழுப்பாட்டு அன்று. கவிஞன் தன் உள்ளம் முழுவதையும் பாடலாம். அது அவன் உரிமை. நாடோ, எல்லோரும் ஒருங்கே நின்று தயக்கமின்றிப் பாடக்கூடிய பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. நம் நாட்டுப்பண்ணை முழுமையாக இசைக்க 52 விநாடிகள் ஆகும். அந்த 52 விநாடிக்குள் எவனும் வெளியே நிற்கக்கூடாது என்பதே தேர்வின் உண்மையான அளவுகோல்.

இதனை நான் நூலில் மட்டும் கற்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியிலிருந்து மாவட்டக் குழுப்பாடல் போட்டிக்கு ஒரு குழுவை அனுப்பவேண்டியிருந்தது. இரண்டு குழுவினர் ஒரு மாதம் பயின்றனர். நானும் இரண்டு ஆசிரியரும் கேட்டு ஒன்றைத் தேர்ந்தோம். தேர்வில் பிழையில்லை, அக்குழு பரிசும் பெற்று வந்தது. மற்றக் குழுவினரை அழைத்து ஒரு சொல் சொல்ல நான் மறந்தேன். அவர்களுடைய பாட்டைப் பள்ளி வழிபாட்டிலேனும் ஒருநாள் பாடச் செய்திருக்கலாம், அதுவும் செய்யவில்லை. அக்குழுவின் தலைவியாக இருந்த மாணவி அதன்பின் பள்ளியில் எந்த நிகழ்ச்சியிலும் பாட முன்வரவில்லை. காரணத்தை நான் உணர்ந்தபோது அவள் பள்ளிப்படிப்பை முடித்துச் சென்றிருந்தாள். பரிசுக் கோப்பை அலமாரியில் இருந்தது. அதனைப் பார்க்குந்தோறும் எனக்கு அவள் குரலே நினைவுக்கு வரும்.

மாணவர்களே, நீங்களும் நாளை பலவற்றைத் தேர்ந்தெடுக்கும் இடங்களில் அமர்வீர்கள். பாட்டையோ ஆளையோ திட்டத்தையோ தேரும்போது, எது சிறந்தது என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். நாம் கேட்க வேண்டியவரை எல்லாம் கேட்டோமா, தேர்பவரே போட்டியாளராக இருக்கிறோமா, தேர்வு பெறாததற்கு என்ன மதிப்பளிக்கப் போகிறோம் என்றும் கேளுங்கள். 1950ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள், ஒரு பாட்டைத் தேர்ந்த அவையினர், தேரப்பெறாத பாட்டையும் எழுந்து நின்று கேட்டபின்னரே கலைந்தனர். அடுத்த முறை நாட்டுப்பண் ஒலிக்க நீங்கள் நிமிர்ந்து நிற்கும்போது, அந்த அவையை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.